அந்தரத்தில் இறுக்கிய போல்ட்

மூன்று மாசமாக என் காரின் இடது முன் சக்கரம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. நான் எஃப்.எம். ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

பெரிய புகார் ஒன்றுமில்லை. ஒரு ‘டொக்’. ஸ்பீடு பிரேக்கரில் ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் என்ற அமைப்பின் கணக்குப்படி வேகத்தடை என்பது 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட ஒரு சாதுவான மேடு. 25 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் அலுங்காமல் கடந்துவிடலாம். எங்கள் தெருவில் இருப்பது பனைமரத்தை வெட்டிக் குறுக்கே போட்டு மேலே தார் ஊற்றிய மாதிரி இருக்கும். அதை வைத்து வண்டியின் ஆரோக்கியத்தைத் தினமும் இரண்டு வேளை சோதிக்கலாம். சோதனையின் முடிவைக் கேட்க மனசிருந்தால்.

வண்டி 2008 மாடல். சின்னக் கார். பேர் வேண்டாம், அதன் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. பதினைந்து வருஷம் முடிந்து, ஆர்.டி.ஓ. ஆபீஸில் கொண்டுபோய்க் காட்டி, இன்னும் ஐந்து வருஷத்துக்கு ஆர்.சி. புதுப்பித்தாயிற்று. மனுஷனாக இருந்தால் வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு போயிருக்கும்.

நான் பி.காம். படித்தவன். தேய்மானத்துக்குக் காமர்ஸில் ஓர் அழகான வழி இருக்கிறது. வருமான வரிக் கணக்கில் காருக்கு வருஷம் 15 சதவீதம், மீதியிருக்கும் மதிப்பின் மேல். நூறு ரூபாய் அடுத்த வருஷம் எண்பத்தைந்து. அதற்கடுத்த வருஷம் எழுபத்திரண்டே கால். எத்தனை வருஷம் கழித்தாலும் பூஜ்யத்துக்கு வராது. மார்ச் 31 ஆனால் கழித்து எழுதிவிட்டுத் தூங்கப் போகலாம்.

நிஜத் தேய்மானம் அப்படி லெட்ஜரில் வந்து கையெழுத்துப் போடுவதில்லை. ஒரே நாளில் வந்தால் பதறியடித்துக்கொண்டு ஓடுவோம். தினம் ஒரு நூலளவு வருவதால் பழகிவிடுகிறது. வண்டியும் தேய்கிறது, நம் காதும் கூடவே தேய்கிறது. ஊரிலிருந்து வந்த மச்சினன் ஏறி உட்கார்ந்து ஐந்தாவது நிமிஷம், “என்ன மாமா, அடியில ஏதோ கழண்டு விழறாப்ல இருக்கே?” என்றான். “பழைய வண்டின்னா அப்படித்தான் மாப்ளே” என்றேன். எனக்கு உண்மையாகவே பெரிதாகக் கேட்கவில்லை.

பேசாமல் மெக்கானிக்கிடம் விட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். விட முடியாது. அதில் ஒரு கதை இருக்கிறது. இந்தக் கட்டுரையே அதைப் பற்றித்தான்.

போன வருஷமும் இதே இடத்தில் இதே சத்தம். அடுத்த தெரு மெக்கானிக்கிடம் விட்டேன். இருபது வருஷமாக அந்த முனையில் கடை வைத்திருப்பவர். ஐம்பது வயசு இருக்கும். நான் அவரை ‘அண்ணே’ என்பேன், அவர் என்னை ‘சார்’ என்பார். பார்த்துவிட்டு, “லோயர் ஆர்ம் போச்சு சார்” என்றார். மாற்றினார். சத்தம் நின்றது. எட்டாவது மாசம் திரும்ப வந்துவிட்டது.

நேராகக் கடைக்குப் போனேன். அங்கே இன்னும் மூன்று நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவருடைய உதவியாள் பையனும் இருந்தான்.

“எட்டு மாசத்துல போறது என்ன பார்ட்டுண்ணே? ஒரிஜினல்னு காசு வாங்கிட்டு டூப்ளிகேட் போட்டிருக்கீங்க.”

“ஒரிஜினல்தான் சார்.”

“அப்புறம் எப்படிப் போச்சு?”

அவர் பதில் சொல்லவில்லை. பையனை ஒரு தரம் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து அறுநூறு ரூபாய் எடுத்து என் கையில் வைத்தார். “கூலியை வச்சுக்குங்க சார்.”

வாங்கிக்கொண்டேன். மடியில் கனமில்லாதவன் எதற்குக் காசைத் திருப்பித் தருகிறான் என்று எனக்கு நானே தீர்ப்பும் எழுதிக்கொண்டேன். பத்திரிகைக்காரன் இல்லையா? தீர்ப்பை எழுதி வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? லிஃப்டில் சொன்னேன். அபார்ட்மெண்ட் அசோசியேஷன் மீட்டிங்கில், தண்ணீர் லாரிப் பிரச்னைக்கும் மோட்டார் பிரச்னைக்கும் நடுவில் சொன்னேன். எங்கள் பிளாக்கில் நாலு வீட்டு வண்டிகள் அவரிடம் போவது நின்றது.

இனி எந்த மெக்கானிக்கும் வேண்டாம், நானே மாற்றுகிறேன் என்று ஒரு சபதமும் போட்டேன். சபதம் போட்டு மூன்று மாசம் ரேடியோ கேட்டேன். கடைசியில் என் மனைவிதான் சொன்னாள். “உங்க சபதம் இருக்கட்டும். இந்த வண்டியிலதான் நான் பாப்பாவை ஸ்கூல்ல விடறேன்.”

அதற்கப்புறம் ரேடியோ எடுபடவில்லை.

* * *

ஸ்டீயரிங் பிடிக்கிறோம், பிரேக் மிதிக்கிறோம். சக்கரம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று நம்மில் பலர் யோசிப்பதே இல்லை. நானும் யோசித்ததில்லை.

முன்பெல்லாம் பல கார்களில் முன் சக்கரத்தைப் பிடிக்க மேலே ஒரு கை, கீழே ஒரு கை என்று இரண்டு இரும்புக் கைகள் இருந்தன. ஏர்ல் மெக்ஃபர்சன் என்ற அமெரிக்க என்ஜினீயர் 1940-களில் மேல் கையை எடுத்துவிட்டார். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஒரு தூணை நிறுத்தி, அந்த வேலையையும் அதையே பார்க்க வைத்தார். 1950-ல் இங்கிலாந்தில் ஃபோர்டு கான்சல், ஸெஃபிர் கார்களில் அது வந்தது. பாகங்கள் குறைவு, செலவு குறைவு, அடைக்கும் இடமும் குறைவு. நம் ஊரில் 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-ம் அந்த வழிதான். இன்று சாலையில் ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலானவை அந்த வழிதான்.

சிக்கனம் என்றால் மிச்சமிருப்பவர் தலையில் வேலை கூடும். வீட்டில் ஒருத்தர் வேலையை விட்டால் இன்னொருத்தர் ஓவர்டைம் பார்ப்பதில்லையா? கீழே மிஞ்சியிருக்கும் அந்த ஒற்றைக் கைதான் லோயர் ஆர்ம். அதன் வெளி முனையில் பால் ஜாயிண்ட். கிண்ணத்துக்குள் உருளும் ஓர் இரும்புக் குண்டு. மேலே ரப்பர் தொப்பி போட்டு உள்ளே கிரீஸ் அடைத்திருப்பார்கள். தொப்பி கிழிந்தால் மண்ணும் தண்ணீரும் உள்ளே போகும். குண்டு தேயும், ஆடும். ஒருநாள் கிண்ணத்தை விட்டுக் கழன்றுகொண்டால் சக்கரம் மடிந்து படுத்துவிடும். அது தெருமுனையில் நடக்கிறதா, தாம்பரம் பைபாஸில் நடக்கிறதா என்பது நம் ஜாதகத்தைப் பொறுத்தது.

உள் முனையில் இருப்பது புஷ். இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், பிற்பாடு வேண்டியிருக்கிறது. வெளியே ஓர் இரும்பு வளையம், உள்ளே ஓர் இரும்புக் குழாய், நடுவில் இரண்டோடும் ஒட்டவைத்த ரப்பர். குழாய் வழியாகப் போல்ட்டை விட்டு இறுக்கினால் குழாய் வண்டியின் உடம்போடு அசையாமல் நின்றுவிடும். சக்கரம் மேலும் கீழும் போகும்போது லோயர் ஆர்ம் கதவுக் கீல் மாதிரி சுழல்வதாக நினைத்திருந்தேன். அப்படி இல்லை. எதுவும் சுழல்வதில்லை. நடுவில் இருக்கும் ரப்பர் முறுக்கிக்கொள்கிறது, திரும்பவும் நிமிர்கிறது. பள்ளத்துக்குப் பள்ளம் இதே வேலை. அதற்கு நிமிர்ந்து நிற்க ஓர் இடம் வேண்டும். வண்டி தரையில் சாதாரணமாக நிற்கும்போது ரப்பர் முறுக்கில்லாமல் இருந்தால்தான், மேலே போனாலும் கீழே போனாலும் தாக்குப்பிடிக்கும்.

அதனால் அந்த உள் போல்ட்டை இறுக்குவதற்கு ஒரு விதி உண்டு. சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது கடைசி இறுக்கு இறுக்கக் கூடாது. வண்டியைத் தரையில் இறக்கி, அதன் முழுப் பாரமும் சக்கரத்தின் மேல் உட்கார்ந்த பிறகுதான் இறுக்க வேண்டும். தொங்கும்போதே இறுக்கிவிட்டால், வண்டி இறங்கிய நிமிஷத்திலிருந்து ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும். ராத்திரி ஷெட்டில் தூங்கும்போதுகூட.

* * *

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் உதிரி பாகக் கடைகள் வரிசையாக இருக்கும். ஒரு கடையில் இரண்டு பக்கத்துக்கும் லோயர் ஆர்ம் வாங்கினேன். புஷ்ஷும் பால் ஜாயிண்ட்டும் அதிலேயே பொருத்தி வந்தது. கல்லாவில் இருந்த பெரியவர் என் கையைப் பார்த்தார். கீபோர்டு தட்டுகிற கை என்று கண்டுபிடித்திருப்பார்.

“நீங்களே மாட்டப் போறீங்களா? வண்டியை எறக்கிட்டு டைட் பண்ணுங்க சார். எல்லாரும் அதுலதான் கோட்டை விடுவாங்க.”

“தெரியும்” என்று தலையாட்டினேன். மேனுவலிலும் அதே போட்டிருந்தது. பென்சிலால் அடிக்கோடு போட்டு வைத்திருந்தேன். ஆக, தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் ஆரம்பித்தேன். பின் சக்கரங்களுக்குக் கட்டை. ஜாக்கியால் தூக்கி, அடியில் ஸ்டாண்டு. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டாதீர்கள். செங்கல், ஹாலோ பிளாக் அடுக்குவது அதைவிட மோசம், சொல்லாமல் நொறுங்கும். ஸ்பிரிங் இருக்கும் தூணை நான் தொடவில்லை. அமுக்கிப் பிடிக்கும் கருவி இல்லாமல் அதைக் கழற்றினால் ஸ்பிரிங் ஆளைக் கொல்லும். வீட்டில் செய்ய முடிந்தது எது, முடியாதது எது என்று தெரிந்துகொள்வதும் வேலையில் சேர்த்திதான்.

துருப் பிடித்த நட்டு அசைய ஒரு மணி நேரம். பால் ஜாயிண்ட் கழற இன்னொரு மணி நேரம். பார்க்கிங்கில் பந்து விளையாடிக்கொண்டிருந்த பையன்கள் விளையாட்டை நிறுத்திவிட்டுச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டு மணிக்கு இரண்டு பக்கமும் புதுசு ஏறிவிட்டது. மிச்சம் அந்த உள் போல்ட்டுகள் மட்டும்.

சக்கரம் தொங்கிக்கொண்டிருந்தது. போல்ட் கண்ணுக்கு நேராக, கைக்கு வாட்டமாக இருந்தது. சக்கரத்தை மாட்டி வண்டியை இறக்கினால் அந்த இடத்தில் ஸ்பேனர் திருப்பக்கூட இடமிருக்காது. பசி. வெயில். மேலே பால்கனியிலிருந்து, “சாப்பாடு ஆறுது” என்று குரல்.

இறுக்கினேன். டார்க் ரென்ச் அளவு வந்ததும் ‘கிளிக்’ என்றது. அளவு சரி. நிலைமைதான் தப்பு. அந்த ரென்ச்சுக்கு அளவு மட்டும்தான் தெரியும்.

சக்கரத்தை மாட்டி, பேட்டையை ஒரு சுற்று சுற்றி வந்தேன். சத்தமே இல்லை! கறுப்புக் கையோடு ஒரு போட்டோ எடுத்து நண்பர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கட்டைவிரல்களும் கைதட்டல்களும் வந்து குவிந்தன. வத்தக்குழம்பு அன்றைக்குப் போல என்றைக்கும் ருசித்ததில்லை.

* * *

ராத்திரி பதினொரு மணி. பழைய லோயர் ஆர்மைக் குப்பையில் போடலாமா, காயலான் கடைக்குக் கொடுக்கலாமா என்று பால்கனியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இது எட்டு மாசத்தில் போன அந்த ‘டூப்ளிகேட்’. அதில் ஒரு முத்திரையும் எண்ணும் அழுந்தியிருந்தது. புதுசின் அட்டைப்பெட்டி பக்கத்தில் கிடந்தது. அதே எண். வேலையின்போது எடுத்த போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதே முத்திரை, அதே எழுத்து.

முத்திரையையும் போலியாக அடிக்கலாம் என்று என் பத்திரிகைக்கார மூளை சொல்லிப் பார்த்தது. புஷ்ஷைத் திருப்பினேன். ரப்பர் தேய்ந்து போகவில்லை. கிழிந்திருந்தது. ஒரே திசையில், துணியைப் பிழியும்போது விழும் மடிப்பு மாதிரி. தொங்கவிட்டு இறுக்கி, எட்டு மாசம் முறுக்கிலேயே நின்ற ரப்பர்.

பார்ட் ஒரிஜினல்தான். அந்த மனுஷன் என்னை ஏமாற்றவில்லை. கடையில் யாரோ அவசரத்தில் செய்த அதே காரியத்தை, அன்றைக்கு மத்தியானம் இரண்டு மணிக்கு, மேனுவலில் அடிக்கோடு போட்டுவிட்டு நானும் செய்திருந்தேன்.

சிலருக்கு இது சின்ன விஷயமாகப் படலாம். ஏமாற்றினால் என்ன, அசட்டையாக இருந்தால் என்ன, போல்ட் தப்பாகத்தானே இறுகியது? சக்கரத்துக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் மனுஷர்களுக்கு ஒன்றில்லை. சட்டமும் இதைப் பிரித்துத்தான் வைத்திருக்கிறது. வேண்டுமென்று கொன்றால் தூக்கு அல்லது ஆயுள். அசட்டையால் சாவு நேர்ந்தால், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவில் அதிகபட்சம் இரண்டு வருஷம்தான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவு அதைப் பொதுவாக ஐந்து வருஷமாக்கியிருக்கிறது. பாபிலோனின் ஹமுராபிக்கு, கிட்டத்தட்ட மூவாயிரத்து எழுநூறு வருஷத்துக்கு முன்னால், இந்த வித்தியாசமெல்லாம் கிடையாது. கொத்தனார் உறுதியில்லாமல் கட்டிய வீடு விழுந்து வீட்டுக்காரர் செத்தால் கொத்தனாருக்கு மரண தண்டனை. மனசில் என்ன இருந்தது என்று அந்தக் கல்வெட்டு கேட்கவில்லை.

வள்ளுவர் இந்த விஷயத்துக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். பொச்சாவாமை, 54-வது அதிகாரம். பரீட்சைக்கு மனப்பாடம் செய்ததோடு சரி. அந்த ராத்திரி எடுத்துப் படித்தேன். முதல் குறளே, எல்லை மீறிய கோபத்தைவிட, சந்தோஷ மயக்கத்தில் வரும் அசட்டை கெட்டது என்கிறது. எல்லை மீறிய கோபம், நான் மெக்கானிக் மேல் பட்டது. சந்தோஷ மயக்கத்தில் அசட்டை, வத்தக்குழம்பு ருசித்தது. இரண்டுமே நான்தான். இரண்டு சாட்சிகளையும் ஒரே கூண்டில் நிறுத்திக் கேட்ட மாதிரி இருந்தது.

மெக்கானிக்கிடம் காசு கொடுக்கும்போது வேலையை மட்டும் வாங்குவதாக நினைக்கிறோம். கூடவே, தப்பு நடந்தால் திட்டுவதற்கு ஓர் ஆளையும் வாங்கிக்கொள்கிறோம். அந்தக் கூலியில் பாதி அதற்குத்தான். வீட்டில் நாமே செய்தால் அந்த வசதி போய்விடுகிறது. நாளைக்குக் காலை பாப்பா ஏறப்போகும் வண்டி. யாரைத் திட்டுவது?

உடனே ஒன்றும் ஆகாது என்பதும் தெரியும். ஆறு மாசம், எட்டு மாசம் கழித்து ‘டொக்’ வரும். மாற்றிக்கொள்ளலாம். யாருக்கும் தெரியவும் தெரியாது. இப்படி யோசித்துக்கொண்டே பதினொன்றரை மணிக்கு டார்ச்சை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். பெரிய தர்ம ஆவேசமெல்லாம் இல்லை. படுத்தால் தூக்கம் வராது என்று தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

வாட்ச்மேன் ஓடி வந்தார். “பகல்லயே முடிச்சிட்டீங்கன்னு பசங்க சொன்னாங்களே சார்?”

“முடிச்சதை அவிழ்க்க வந்திருக்கேன் தாத்தா. இந்த லைட்டைக் கொஞ்சம் பிடிங்க.”

முன் சக்கரங்களுக்கு அடியில் அகலமான பலகைகளை இரண்டு அடுக்காகப் போட்டு வண்டியை அவற்றின் மேல் இறக்கினேன். ஹேண்ட் பிரேக், பின்னால் கட்டை. ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் ஒடித்தால் ஒரு கை நுழைய இடம் வந்தது. உள் போல்ட்டைக் கொஞ்சமாகத் தளர்த்தினேன். ‘ஞக்’ என்று ஒரு சின்னச் சத்தம். பிடித்து வைத்திருந்த மூச்சை யாரோ விட்ட மாதிரி. புஷ் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தது. பிறகு அந்தப் பாரத்தோடேயே, முக்கால் முக்காலாகத் திருப்பி, ‘கிளிக்’ வரை இறுக்கினேன். அப்புறம் அடுத்த பக்கம். முடிக்கும்போது மணி ஒன்றேகால். முழங்கை சிராய்ந்திருந்தது. வாட்ச்மேன் தாத்தா நின்றபடியே தூங்கிக்கொண்டு வெளிச்சம் மட்டும் சரியாகக் காட்டிக்கொண்டிருந்தார்.

* * *

திங்கட்கிழமை காலை மெதுவாக ஓட்டிக்கொண்டு போய் வீல் அலைன்மெண்ட் பார்த்தேன். லோயர் ஆர்ம் மாற்றினால் அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் டயர் ஒரு பக்கமாகத் தேயும். சாயங்காலம் பழைய லோயர் ஆர்மையும், ஒரு கவரில் அறுநூறு ரூபாயையும் எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனேன்.

அவர் ஓர் ஆட்டோவுக்கு அடியிலிருந்து எழுந்து வந்தார். சொன்னேன். எல்லாவற்றையும், நான் மத்தியானம் செய்ததையும் சேர்த்து. அவர் புஷ்ஷை வாங்கி விரலால் தடவினார்.

“ஆமா சார். தொங்கவிட்டு டைட் பண்ணியிருக்கு.”

“உங்களுக்கு அன்னைக்கே தெரியுமாண்ணே?”

“நீங்க சத்தம் போட்டப்பவே தோணுச்சு. டைட் பண்ணது பையன். நான் பார்த்திருக்கணும். அன்னைக்கு ஆறு மணிக்குள்ள வண்டி வேணும்னு நீங்க மூணு தடவை போன் பண்ணீங்க. பார்க்காம விட்டுட்டேன்.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே?”

“பையன்னு சொன்னா அவனை நாலு பேர் முன்னாடி பேசுவீங்க. என் கடையில நடந்தா அது என் வேலை சார்.”

கவரை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

“இது வேலை சரியில்லைன்னு நான் கொடுத்தது. அது நியாயம்தான், உங்க காசுதான். டூப்ளிகேட்னு சொன்னீங்க பாருங்க, அது வேற கணக்கு.”

“அதுக்கு என்னண்ணே செய்யணும்?”

“எங்கெங்க சொன்னீங்களோ, அங்கல்லாம் போய் இதையும் சொல்லிடுங்க.”

பி.காம். படித்த எனக்கு அவர் இரண்டு கணக்கையும் தனித்தனியாக வைத்திருந்த சுத்தம் பொட்டில் அறைந்தது. ஒன்றை இன்னொன்றில் கழிக்க அவர் விடவில்லை. நான்தான் அன்றைக்கு எல்லாவற்றையும் ஒரே தலைப்பில் எழுதியிருந்தேன். திருடன் என்ற தலைப்பில்.

அவரைப் பற்றி நான் எழுதிய தீர்ப்பும் அந்தரத்தில் இறுக்கிய போல்ட்தான். அதுவரை ஒரு நாளாவது வண்டிக்கு அடியில் படுத்திருக்கிறேனா? வெயிலும் பசியும் வாடிக்கையாளரின் மூன்றாவது போன் காலும் ஒன்றாகச் சேர்ந்தால் கை எந்தப் பக்கம் போகும் என்று எனக்குத் தெரியுமா? ஒரு பாரமும் என் மேல் இல்லாத நேரத்தில், கைக்கு வாட்டமாக இருக்கிறதே என்று இறுக்கிவிட்டேன். அப்படி இறுக்கினால் எவ்வளவு சுலபமாக இறுகுகிறது தெரியுமா! அதற்காக அவர் செய்தது சரி என்று ஆகாது. பார்த்திருக்க வேண்டும் என்று அவரே சொல்கிறார். ஆனால் ‘சரியாகச் செய்யவில்லை’ என்பதற்கும் ‘ஏமாற்றினார்’ என்பதற்கும் நடுவில் ஒரு மனுஷனின் இருபது வருஷப் பேர் இருக்கிறது.

போல்ட்டை ராத்திரியோடு ராத்திரியாகத் தளர்த்தித் திரும்ப இறுக்க முடிந்தது. இது அப்படி இல்லை. அடுத்த மீட்டிங்கில் எழுந்து சொன்னேன். எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். தண்ணீர் லாரிக்குப் போய்விட்டார்கள். நாலு வீட்டுக்காரர்களையும் தனித்தனியாகப் பார்த்துச் சொன்னேன். இரண்டு பேர் திரும்ப அவரிடமே வண்டியை விடுவதாகச் சொன்னார்கள். ஒருத்தர் காரை விற்றுவிட்டார். நாலாமவரை லிஃப்டில் பிடித்தேன். முழுசாகக் கேட்டார். நல்ல மனுஷர், சிரித்துக்கொண்டே சொன்னார்.

“அப்படியா சார்? பாவம். ஆனா நாங்க அப்பவே வேற இடம் பார்த்துட்டோம். இப்ப அங்கயே பழகிடுச்சு.”

லிஃப்ட் மூன்றாவது மாடியில் நின்றது. அவர் இறங்கிப் போனார். எனக்குள் எங்கேயோ ‘டொக்’ என்றது. கூட்டி வைக்க அங்கே ரேடியோவும் இல்லை.